கணினிக்குள் ஒலிக்கும் மணி

காலை நேரம். பால்மரக் காட்டில் ஓர் அம்மாள் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறார். கத்தி பட்டையில் பாதித் தூரம் வந்திருக்கிறது. திடீரென்று மேற்கே வானம் கறுக்கிறது. மழை கொட்டினால் மங்குகளில் உள்ள பால் கெட்டுவிடும். "வெட்டை நிறுத்துங்கள், பாலை எடுங்கள்!" என்று மண்டோர் குரல் கொடுக்கிறார். அந்தக் குரல் காதில் விழுந்த மாத்திரத்தில் அந்த அம்மாள் என்ன செய்வார்? கத்தியைப் பட்டையிலேயே விட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரா? ஓடமாட்டார். கைவைத்த வெட்டை ஒழுங்காக முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்கு நகருவார். பதற்றத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும் என்பது அவருக்குத் தெரியும்.

கணினிக்குள்ளும் இப்படி மணி ஒலிப்பதுண்டு. ஆனால் கணினிக்கு அந்த அம்மாளின் நிதானம் கிடையாது. மணி கேட்டதும் வெட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற சுபாவம் அதற்கு. இதனால் விளையும் ஒரு தவறு, பல்லாண்டுகளாகத் திருத்தப்பட்டும் திரும்பத் திரும்பத் தலைகாட்டி வருகிறது. 2006-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட ஒரு பிழை, 2020-ஆம் ஆண்டில் யாருக்கும் தெரியாமல் மறுபடியும் உள்ளே நுழைந்து, 2024-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

"கணினியின் தவறு நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் இன்று கணினி படிக்கிறார்கள். அதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி வழியே பணம் அனுப்பாத வீடு குறைவு. நாம் பார்க்காத ஏதோ ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நம்பித்தான் நாம் அந்தப் பொத்தானை அழுத்துகிறோம். நம்பி ஒப்படைத்த பிறகு, அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

முதலில் இரண்டு சொற்களைப் புரிந்துகொள்வோம். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும் 'பிராசஸ்' என்பார்கள். நாம் அதனைப் பணி என்று சொல்வோம். ஒவ்வொரு பணியும் தனித்தனி வீடு போன்றது. அதற்கென்று இடமும் சாமான்களும் உண்டு. அடுத்த வீட்டுச் சாமானை அது தொட முடியாது. ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்து, ஒரே அடுப்பையும் ஒரே அலமாரியையும் பகிர்ந்துகொண்டு ஆளுக்கொரு வேலை செய்வது போல, ஒரே பணிக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பதும் உண்டு. அந்த ஒவ்வொன்றையும் 'திரெட்' என்பார்கள். தமிழில் இழை என்கிறோம்.

இனி மணிக்கு வருவோம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969-ஆம் ஆண்டு தொடங்கி உருவாக்கிய 'யூனிக்ஸ்' என்ற இயக்க முறையில், ஒரு பணிக்கு அவசரச் செய்தி சொல்ல 'சிக்னல்' என்ற ஏற்பாட்டை வைத்தார்கள். நாம் சமிக்ஞை என்போம். இன்று உலகில் பெரும்பாலான பெருங்கணினிகளில் ஓடும் 'லினக்ஸ்' முறையும் இதே வழியைப் பின்பற்றுகிறது. 'போதும், நிறுத்து' என்பது ஒரு சமிக்ஞை. 'நீ கேட்டிருந்த நேரம் முடிந்துவிட்டது' என்பது இன்னொன்று. 'உன் பிள்ளைப் பணி முடிந்துவிட்டது' என்பது மற்றொன்று. ஒன்பதாம் எண் சமிக்ஞை என்று ஒன்றுண்டு. அது வந்தால் மறுபேச்சே கிடையாது. பணி அந்த இடத்திலேயே முடிந்தது.

மற்றச் சமிக்ஞைகளில் பலவற்றுக்கு, 'இந்த மணி ஒலித்தால் இந்த வேலையைச் செய்' என்று நிரல் எழுதுபவர் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதனை மணி வேலை என்று அழைப்போம். சமிக்ஞை வந்ததும், கணினி கையில் இருக்கும் காரியத்தை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, மணி வேலையைச் செய்யப் போகும். அது முடிந்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. சிக்கல் 'எந்த இடத்தில் இருக்கிறதோ' என்பதில்தான். ஒரு வரியை எழுதி முடித்த இடமாக இருந்தால் குற்றமில்லை. பாதி எழுத்தில் பேனா நிற்கும் இடமாக இருந்தால்?

இரண்டு விதமான விபத்துகள் நேரலாம். முதலாவது, தன்னைத்தானே பூட்டிக்கொள்வது. தோட்ட அலுவலகத்தில் ஒரு கிராணி கணக்கெழுதுகிறார். ஒருவர் எழுதும்போது இன்னொருவர் கைவைத்தால் கணக்குக் குழம்பும் என்பதற்காக, 'அறையில் ஆள் இருக்கிறது' என்று கதவில் பலகை மாட்டிவிட்டு எழுதுகிறார். அப்போது மணி ஒலிக்கிறது. பேனாவைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார். மணி வேலை என்னவென்று பார்த்தால், அதே கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவது! வாசலுக்குப் போகிறார். பலகை தொங்குகிறது. 'உள்ளே ஆள் இருக்கிறது, வரட்டும்' என்று காத்து நிற்கிறார். உள்ளே இருந்த ஆள் அவரேதான். அவர் திரும்பிப் போனால்தான் பலகை இறங்கும். பலகை இறங்கினால்தான் அவர் திரும்பிப் போவார். அந்தக் கிராணி காலமெல்லாம் வாசலில் நிற்க வேண்டியதுதான். கணினி 'தொங்கிவிட்டது' என்று சொல்கிறோமே, அதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

இரண்டாவது விபத்து இதைவிட மோசமானது. லயத்துக்குப் பின்னால் காய்கறி போடக் கொஞ்சம் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்களுக்குக் கிராணி அளந்து கொடுக்கிறார். 100 அடி நிலத்தில் 60 அடியை ஒருவருக்கு ஒதுக்கிவிட்டார். மீதி 40 அடியைக் 'காலி நிலம்' என்று பட்டியலில் சேர்த்துவிட்டார். ஆனால், அந்த நிலத்தின் முனையில் நட்டிருக்கும் கட்டையில் '40 அடி' என்று இன்னும் எழுதவில்லை. அதில் முன்பு எப்போதோ யாரோ எழுதிய '400 அடி' என்ற பழைய அளவு இருக்கிறது. எழுதப் போகும் அந்தக் கணத்தில் மணி ஒலிக்கிறது. மணி வேலைக்கும் கொஞ்சம் நிலம் தேவைப்படுகிறது. பட்டியலைப் பார்த்தால் காலி நிலம் இருக்கிறது. கட்டையைப் பார்த்தால் 400 அடி என்கிறது. 200 அடி அளந்து எடுத்துக்கொள்கிறார்கள். அதில் 160 அடி அடுத்த வீட்டுக்காரரின் கத்தரிச் செடிகள் நிற்கும் நிலம்!

கணினியின் நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. யாரும் தவறான எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. கிராணியும் ஒழுங்காகத்தான் வேலை செய்தார். மணி வேலையும் ஒழுங்காகத்தான் நடந்தது. இரண்டும் சந்தித்த கணம்தான் தவறானது. ஆனால், அந்தக் கட்டையில் '400 அடி' என்ற பொய்யளவை வேண்டுமென்றே ஒருவன் முன்னாடியே எழுதி வைத்திருந்தால்? சரியான கணத்தில் மணி ஒலிக்கும்படியும் அவனே பார்த்துக்கொண்டால்? அப்போது விபத்து திருட்டாக மாறுகிறது. இந்த ஆபத்தைப் போலந்து நாட்டைச் சேர்ந்த மிகால் ஸலெவ்ஸ்கி என்ற வல்லுநர் 2001-ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக எழுதி எச்சரித்தார்.

இழைகள் சேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். வீட்டு முகவரிக்கு ஓர் அவசரக் கடிதம் வந்தால், நால்வரில் யார் வேண்டுமானாலும் பிரித்துவிடலாம் அல்லவா? பணிக்கு வரும் சமிக்ஞையும் அப்படித்தான். 'எனக்கு வேண்டாம்' என்று முன்னதாகச் சொல்லி வைக்காத ஏதோ ஓர் இழையின் கையில் அது விழும். எந்த இழை, அது அப்போது எதைப் பாதியில் வைத்திருக்கும் என்பதை நிரல் எழுதுபவர் முன்கூட்டி அறிய முடியாது. யூனிக்ஸில் ஒரு பணி தன்னைப் போலவே இன்னொரு பணியைப் பிரதி எடுக்கவும் முடியும். நான்கு இழைகள் உள்ள பணி அப்படிப் பிரதி எடுத்தால், புது வீட்டில் பிரதி எடுத்த ஓர் இழை மட்டும்தான் இருக்கும். மற்ற மூவரும் வரமாட்டார்கள். ஆனால், அவர்கள் பழைய வீட்டில் பூட்டி வைத்திருந்த பெட்டிகள் பூட்டியபடியே பிரதியாகி வந்துவிடும். பெட்டி இங்கே இருக்கிறது. சாவிக்காரர் இங்கே இல்லை. திறப்பார் யார்?

சரி, இதற்கு வழிதான் என்ன? வழி நம் தாய்மார்களிடமே இருக்கிறது. அடுப்பில் வேலையாக இருக்கும்போது, கடைக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற நினைவு வருகிறது. உலையை அப்படியே விட்டுவிட்டு யாரும் கடைக்கு ஓடுவதில்லை. முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். சோறு வடித்த பிறகு முடிச்சைப் பார்த்து, கடைக்குப் போகிறார்கள்.

கணினி வல்லுநர்கள் சொல்லும் விதியும் இதுவேதான். மணி ஒலித்தால், மணி வேலை ஒரு முடிச்சுப் போடுவதோடு நிற்கட்டும். அதாவது, 'மணி வந்தது' என்று ஒரு சின்ன அடையாளத்தை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். நடந்துகொண்டிருந்த காரியம் ஒரு நல்ல நிறுத்தத்துக்கு வந்ததும், அடையாளத்தைப் பார்த்து, நிதானமாக அந்த வேலையைச் செய்யலாம். மணி வேலைக்குள் தொடக்கூடிய கருவிகள் எவை என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. உடனே வெளியேறுவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. நினைவகத்தில் இடம் கேட்பது அதில் இல்லை. பல இழைகள் இருந்தால், மற்ற எல்லா இழைகளையும் காதை அடைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மணி கேட்பதற்கென்றே ஓர் இழையை நியமிப்பதும் நல்ல முறை.

விதி இவ்வளவு எளிது. பிறகு ஏன் பிழை திரும்பத் திரும்ப வருகிறது? இப்போது அந்த 2006-ஆம் ஆண்டுக் கதைக்குப் போவோம்.

தொலைவில் இருக்கும் ஒரு கணினியை, இங்கிருந்தபடியே பாதுகாப்பாக இயக்குவதற்கு 'எஸ்எஸ்ஹெச்' என்ற முறை இருக்கிறது. பின்லாந்து நாட்டைச் சேர்ந்த டாட்டு யுலோனென் 1995-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இதன் இலவச வடிவமான 'ஓப்பன்எஸ்எஸ்ஹெச்' 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உலகெங்கும் பெருங்கணினிகளின் வாசல் காவலாக இருப்பது இதுதான். மிகக் கவனமாக எழுதப்பட்டது என்று வல்லுநர்களே பாராட்டும் நிரல் இது.

இந்தக் காவல்காரரின் வழக்கம் ஒன்றுண்டு. வாசலுக்கு வருபவர் 120 விநாடிக்குள் தாம் யார் என்று நிரூபித்துவிட வேண்டும். தவறினால் மணி ஒலிக்கும். காவல்காரர் கதவைச் சாத்திவிட்டு, 'வந்தவர் நேரத்துக்குள் தம்மை நிரூபிக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதி வைப்பார். நல்ல வழக்கம்தான். ஆனால் நேயர்களே, அந்தப் பதிவேட்டில் எழுதுவதற்கு நினைவகத்தில் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது! காவல்காரர் அதே கணத்தில் இடம் அளந்து கொடுக்கும் வேலையில் பாதியில் இருந்தால், நாம் முன்பு பார்த்த கத்தரித் தோட்டக் கதைதான்.

மார்க் டவுட் என்ற வல்லுநர் இதனை 2006-ஆம் ஆண்டில் கண்டு சொன்னார். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் வந்த பதிப்பில் திருத்தம் செய்தார்கள். 'பாதுகாப்பாகப் பதிவேட்டில் எழுத வழி இருந்தால் மட்டும் எழுது. இல்லையென்றால் எழுதாமலே வெளியேறிவிடு' என்பது அந்தத் திருத்தத்தின் சாரம். 'டெபியன்' என்ற லினக்ஸ் வடிவத்தில் இந்தத் திருத்தம் சரியாகச் செய்யப்படாததால், 2008-ஆம் ஆண்டில் அங்கே மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. அதன்பிறகு பிழை ஒழிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பதிவேடு எழுதும் பகுதியைச் சீர்படுத்தினார்கள். அப்போது, காவலாக நின்ற அந்த ஒரு நிபந்தனை தவறுதலாக நீங்கிவிட்டது. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அது புதிய பதிப்பாக வெளியாகி உலகெங்கும் பரவியது. மூன்றாண்டுகளுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள், 'குவாலிஸ்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதனை வெளியிட்டார்கள். இணையத்தில் தெரியும் கணினிகளில் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்டவை இந்த ஆபத்துக்கு உட்பட்டிருக்கலாம் என்பது அவர்களின் மதிப்பீடு.

திருடன் என்ன செய்வான்? கடவுச்சொல் எதுவும் அவனுக்குத் தேவையில்லை. வாசலில் வந்து, பேசாமல் நின்று, 120 விநாடி கழியும் சமயம் பார்த்து, தகவலின் கடைசித் துளியை அனுப்புவான். மணியும் இடம் அளப்பதும் ஒரே கணத்தில் மோத வேண்டும் என்பது அவன் கணக்கு. ஒருமுறை முயன்றால் கிடைக்காது. சராசரியாக 10,000 முறை முயல வேண்டும் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஒரே நேரத்தில் 100 பேர் போல வந்து நின்றால், ஒரு சுற்றுக்கு 120 விநாடி. 10,000 முயற்சிக்கு 100 சுற்று. ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம் ஆகும். நினைவகத்தின் இடங்கள் மாற்றி மாற்றி வைக்கப்படுவதால், அதையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஆக 6 முதல் 8 மணி நேரத்தில், பழைய 32 பிட் லினக்ஸ் கணினியின் முழு அதிகாரமும் கைக்கு வந்துவிடும் என்று செய்து பார்த்தார்கள். ஓர் இரவு போதும். விடியும்போது வீட்டுச் சாவி வேறொருவரிடம் இருக்கும்.

செய்தி வெளியான அதே நாளில் திருத்திய பதிப்பும் வந்தது. இம்முறை பழைய நிபந்தனையைத் திரும்பப் போடுவதோடு அவர்கள் நிற்கவில்லை. பதிவேட்டில் எழுதும் வேலையை மணி வேலையிலிருந்தே எடுத்து, வெளியே நின்று வருபவர்களை வரவேற்கும் தலைமைப் பணியிடம் ஒப்படைத்தார்கள். மணி கேட்ட பணி எதுவும் எழுதாமல் வெளியேறிவிடும். தலைமைப் பணி அதனைக் கண்டு, நிதானமாக எழுதிக்கொள்ளும். அப்படியும், ஒரு வாரம் கழித்து, 'ரெட் ஹாட்' நிறுவனத்தின் லினக்ஸ் வடிவத்தில் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு பிழை தென்பட்டது. அங்கே கூடுதலாகச் சேர்த்திருந்த ஒரு பகுதி, மணி வேலைக்குள் செய்யக்கூடாததைச் செய்துகொண்டிருந்தது. நல்ல வேளையாக, அதிகாரம் குறைந்த பணியில் அது நடந்ததால் ஆபத்தும் குறைவாக இருந்தது.

இந்தக் கதையில் ஒரு செய்தி நம் மனத்தைத் தொடுகிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சை உருவாக்கியவர்களின் சொந்த இயக்க முறையான 'ஓப்பன்பிஎஸ்டி'க்கு இந்தப் பிழையால் எந்தத் தீங்கும் நேரவில்லை. மணி வேலைக்குள்ளும் பாதுகாப்பாகப் பதிவேடு எழுதும் கருவியை அவர்கள் 2001-ஆம் ஆண்டிலேயே செய்து வைத்திருந்தார்கள். காவலை ஒரு வரியில் மட்டும் வைத்தவர்களிடம் அந்த வரி போனதும் காவலும் போயிற்று. கருவியையே பாதுகாப்பாகச் செய்துகொண்டவர்களுக்கு, 23 ஆண்டுகளுக்கு முன் செய்த வேலை வந்து கைகொடுத்தது.

பிழை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம். பத்தாயிரத்தில் ஒரு முறை நேர்வது சோதனையில் அகப்படுவதில்லை. நூறு முறை ஓட்டிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறோம். அடுத்து, 'பதிவேட்டில் எழுது' என்ற கட்டளை பார்வைக்குச் சாதுவானது. அதற்குள்ளே இன்னொன்று, அதற்குள்ளே இன்னொன்று என்று போய், கடைசியில் நினைவகத்தில் இடம் கேட்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றாவது மிகவும் மனிதத்தனமான காரணம். ஆபத்தைக் கண்டவர்கள் போட்ட காவல், பல ஆண்டுகள் எதுவும் நடக்காமல் இருந்ததால், பின்னால் வருபவர்களின் கண்ணில் வெறும் வரியாகத் தெரிகிறது. வெள்ளம் வராத வருடங்களில் கரை வீண் மேடாகத் தோன்றுவதைப் போன்றதுதான் இது.

கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்வோம். நிரலில் ஒரு காவலை வைத்தால், அது ஏன் வைக்கப்பட்டது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறர் வைத்த வரியை நீக்கும் முன், 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்று ஒரு முறை கேளுங்கள். மணி வேலைக்குள் முடிச்சை மட்டும் போடுங்கள். மற்றதை நிதானமாகச் செய்யுங்கள்.

பெரியவர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கைத்தொலைபேசி 'புதிய திருத்தம் வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளவா?' என்று கேட்கும்போது, 'பிறகு, பிறகு' என்று தள்ளிப்போடுகிறோம். இன்று சொன்னது பெருங்கணினிகளின் கதைதான் என்றாலும், திருத்தம் வெளியான நாளில் திருடனுக்கும் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுகிறது என்பது எல்லாக் கணினிக்கும் பொருந்தும். தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். ஆகவே, அதிகாரபூர்வமாக வரும் திருத்தத்தை அன்றே ஏற்றிக்கொள்வோம்.

மழை மேகம் கூடியபோதும் கைவைத்த வெட்டை ஒழுங்காக முடித்த அந்த அம்மாளை மறுபடியும் நினைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் அவர் கணினி படித்ததில்லை. ஆனால், கணினி எழுதும் மேதைகள் பலமுறை தவறவிட்டுப் படித்த பாடம் அவர் கையிலேயே இருந்தது. அந்தப் பாடத்தை இன்று மாலை நம் பிள்ளைகளுக்கு நாமே எடுத்துச் சொல்வோம்.